சூடேறினால் நிற்கிறது, ஆறினால் கிளம்புகிறது

கேள்வி: "என் வண்டி நாற்பது வயதைக் கடந்தது. ஒற்றைச் சிலிண்டர், நான்கு வீச்சு, பாயின்ட் வைத்த இக்னிஷன். காலையில் இரண்டாவது உதையில் கிளம்பிவிடும். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் ஓடியதும் இழுவை குறையும், இரண்டு முறை விக்கும், நின்றுவிடும். பிறகு எவ்வளவு உதைத்தாலும் பயனில்லை. கால் மணி நேரம் நிழலில் நிறுத்தினால் எதுவுமே நடக்காததுபோல் கிளம்பும். காயில் மாற்றினேன், கண்டென்சர் மாற்றினேன், பிளக்கை இரண்டு முறை மாற்றினேன், கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினேன். வீட்டு வாசலில் ஒரு குறையும் தெரிவதில்லை. பழைய வண்டி என்றால் இப்படித்தான் இருக்கும் என்கிறார்கள். உண்மையா?"

பிப்ரவரி 3

உண்மையல்ல. இந்தப் பேச்சைக் கேட்டாலே எனக்குக் கோபம் வருகிறது. அந்த வண்டி புதிதாக இருந்தபோது நாள் முழுவதும் நிற்காமல் ஓடியது. இன்று நிற்கிறது என்றால் ஏதோ ஒன்று அளவு மாறியிருக்கிறது, அவ்வளவுதான். எது என்று கண்டுபிடித்துச் சரிசெய்தால் மறுபடியும் ஓடும்.

நீங்கள் மாற்றிய நான்கு பொருள்களையும் வீட்டில் வைத்துத்தான் மாற்றியிருக்கிறீர்கள். வீட்டில் வண்டி நன்றாக இருக்கிறது. நன்றாக இருக்கும் வண்டியில் என்ன தேடினாலும் கிடைக்காது. இந்தக் கோளாறு சூட்டில் மட்டும் உயிரோடு இருக்கிறது. ஆறியதும் ஓடி ஒளிந்துகொள்கிறது. ஆகவே வண்டி நின்ற இடத்தில், நின்ற இரண்டு நிமிடத்துக்குள் பார்க்க வேண்டும். நிழலைத் தேடித் தள்ளிக்கொண்டு போவதற்கு முன்னால் மூன்றே கேள்விகள்: பெட்ரோல் வருகிறதா, பொறி வருகிறதா, அழுத்தம் இருக்கிறதா?

முதலில் டேங்க் மூடியைத் திறங்கள். "உஸ்" என்று காற்று உள்ளே போகும் சத்தம் கேட்டால், மூடியிலுள்ள காற்றுத் துளை அடைபட்டிருக்கிறது. பெட்ரோல் இறங்க இறங்க டேங்குக்குள் வெற்றிடம் உருவாகி, ஒரு கட்டத்தில் கீழே விடாமல் பிடித்துக்கொள்ளும். எனக்கு இதன் மேல்தான் சந்தேகம்.

பொறி பார்க்க, சூடான பிளக்கைக் கழற்றிக் கையைச் சுட்டுக்கொள்ள வேண்டாம். பழைய பிளக் ஒன்றைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். பிளக் தொப்பியை இழுத்து அதில் மாட்டி, அதன் இரும்பு உடல் சிலிண்டர் தலையில் நன்றாகப் படும்படி வைத்து உதையுங்கள். வண்டியின் சொந்த பிளக் இருந்த இடத்திலேயே இருப்பதால் கிக்கரில் அழுத்தம் எப்படி இருக்கிறது என்பதும் அதே உதையில் காலுக்குத் தெரிந்துவிடும்.

பிப்ரவரி 3, இரவு

இன்னொன்று. டேங்க் நிறைய பெட்ரோல் இருக்கும்போது சீக்கிரம் நிற்கிறதா, பாதி இருக்கும்போதா என்று பாருங்கள். மூடித் துளைதான் காரணம் என்றால் டேங்க் நிறைந்திருக்கும்போது சீக்கிரம் நிற்கும். மேலே காற்று கொஞ்சமாக இருப்பதால் சிறிது பெட்ரோல் இறங்கினாலே அழுத்தம் விழுந்துவிடும். சூடு காரணம் என்றால் டேங்கின் அளவு ஒரு பொருட்டே இல்லை.

பிப்ரவரி 5

மேலே பெட்ரோல் வருகிறதா என்று எழுதினேன், எப்படிப் பார்ப்பது என்று எழுதவில்லை. கார்புரேட்டரின் அடிக் கிண்ணத்தில் வடிகால் திருகு இருக்கும். அதன் கீழே ஒரு சின்ன பாட்டிலைப் பிடித்துத் திருகைத் தளர்த்துங்கள். கிண்ணம் நிறைந்திருந்தால் பெட்ரோல் ஒரே பாய்ச்சலாக வரும். பெட்ரோல் குழாயைத் திறந்தே வைத்து இன்னும் அரை நிமிடம் பிடித்தால், டேங்கிலிருந்து தொடர்ந்து வருகிறதா, சொட்டுகிறதா என்பதும் தெரியும். பாட்டிலில் தண்ணீர் முத்துகள் அடியில் உருண்டால் அது வேறு கதை.

பெட்ரோல் பார்ப்பதையும் பொறி பார்ப்பதையும் ஒரே நேரத்தில் செய்யாதீர்கள். சைலன்ஸர் கொதித்துக்கொண்டிருக்கும். பொறியை முதலில் பாருங்கள், பிளக் தொப்பியைத் திரும்ப மாட்டுங்கள், அதன் பிறகே கிண்ணத்தை வடியுங்கள். அதுவும் சைலன்ஸரில் ஒரு சொட்டும் விழாமல். இதில் மட்டும் அவசரம் கூடாது.

பிப்ரவரி 6

பதில் வந்துவிட்டது. டேங்க் நிறைந்திருந்தாலும் பாதியாக இருந்தாலும் வேறுபாடு இல்லை. மூடியைத் திறந்தபோது சத்தமும் இல்லை. குளிர்ந்த விடியலில் பதினாறு கிலோமீட்டர் ஓடியது; நடுப்பகலில் ஒன்பதில் நின்றது. ஆகவே மூடியை நான் கைவிடுகிறேன். இது சூட்டின் வேலை.

மூடியை நான் உடனே சந்தேகப்பட்டதற்குக் காரணம் உண்டு. என் வண்டியில் ஒரு மாதம் என்னை அலைக்கழித்தது அதுதான். ஒரு மாலை, இருட்டும் நேரம், ஏழாவது முறையாக நின்றது. பெட்ரோல் இருக்கிறதா என்று பார்க்கத்தான் மூடியைத் திறந்தேன். நீண்ட பெருமூச்சு போல ஒரு சத்தம். மூடியின் உள்பக்க ரப்பரை யாரோ முன்பு மாற்றியிருக்கிறார்கள். புதிய ரப்பரில் துளை இல்லை. ஊசியைச் சுட்டு ஒரு துளை போட்டேன், அன்றோடு தீர்ந்தது. நம்மைப் படுத்திய கோளாறையே எல்லோருடைய வண்டியிலும் தேடுகிறோம். நானும் அதையே செய்தேன்.

பிப்ரவரி 9

சூட்டில் சாகும் மின் பாகங்கள் இரண்டு: பிளக்குக்கு உயர் வோல்ட் தரும் காயில், கண்டென்சர். இரண்டையும் மாற்றிவிட்டேன் என்கிறீர்கள். புதிய பாகம் என்பதற்காக நல்ல பாகம் என்று நம்பிவிட முடியாது. பெட்டியிலிருந்து எடுத்த கண்டென்சர் இருநூறு கிலோமீட்டரில் போனதை நானே பார்த்திருக்கிறேன்.

பாயின்ட் என்பது காயிலுக்குப் போகும் மின்சாரத்தை விட்டுவிட்டுத் துண்டிக்கும் இரு முனைகள். அதன் மூடியைக் கழற்றிவிட்டு, இருட்டில், இன்ஜின் ஓடும்போது பாருங்கள். பாயின்ட் முனைகளுக்கிடையே சின்ன நீலப் பொறி தெரிந்தால் சரி. மஞ்சளாகப் பளிச் பளிச் என்று அடித்தால் கண்டென்சர் தன் வேலையைச் செய்யவில்லை. பாயின்ட் திறக்கும் கணத்தில் அங்கே தாவப் பார்க்கும் மின்சாரத்தைத் தன்னுள் வாங்கி, காயிலின் காந்தப்புலம் சட்டென்று சரிய வழிசெய்வதுதான் அதன் வேலை. அது வாங்கவில்லை என்றால் பாயின்டும் கருகும், பிளக்கிலும் பொறி மெலியும். பாயின்ட் முகத்தில் ஒரு பக்கம் குழி, எதிர்ப்பக்கம் மேடு இருந்தாலும் கண்டென்சரையே பாருங்கள்.

பாயின்ட் இடைவெளி பெரும்பாலான வண்டிகளில் 0.3 முதல் 0.4 மி.மீ. வரை. உங்கள் வண்டியின் கையேட்டில் உள்ளதே சரியான அளவு. இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜை எண்ணெய் போகத் துடைத்துவிட்டு வையுங்கள். அந்த எண்ணெய்ப் படலம் பாயின்ட் முகத்தில் ஒட்டினால் கருகி, மறுநாள் புதிய கோளாறாக வந்து நிற்கும்.

பிளக் கரியாகிறது, கலவைத் திருகை எந்தப் பக்கம் திருப்புவது என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். உள்ளே திருப்பினால் பெட்ரோல் கூடும், வெளியே திருப்பினால் குறையும்.

பிப்ரவரி 10

நேற்றைய கடைசி வரியைத் திருத்துகிறேன். என் வண்டியை வைத்து எழுதிவிட்டேன். எல்லா வண்டிக்கும் அது பொருந்தாது. திருகு கார்புரேட்டரில் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தால் அது காற்றுத் திருகு: உள்ளே திருப்பினால் காற்று குறையும், கலவை கெட்டியாகும். இன்ஜின் பக்கம் இருந்தால் அது பெட்ரோல் திருகு: உள்ளே திருப்பினால் பெட்ரோல் குறையும், கலவை மெலியும். இரண்டும் நேர் எதிர். நேற்று அந்த வரியை நம்பித் திருப்பியவர்கள் மெதுவாக உள்ளே முட்டும்வரை திருப்பி (இறுக்கக் கூடாது, முனை கெட்டுவிடும்), அங்கிருந்து ஒன்றரைச் சுற்று வெளியே எடுத்துத் தொடங்குங்கள். இன்ஜின் நன்றாகச் சூடேறிய பிறகு, ஐட்லிங் மிக அதிகமாகவும் சீராகவும் இருக்கும் இடத்தில் விடுங்கள்.

அந்தத் திருகு ஐட்லிங்கையும் அதற்குச் சற்று மேலேயும்தான் ஆளும். முழு வேகத்தில் பிளக் கரியாகிறது என்றால் அங்கே திருப்பிப் பயனில்லை; மெயின் ஜெட், ஊசி, அடைபட்ட ஏர் ஃபில்டர் என்று போக வேண்டும்.

பிப்ரவரி 11

பொறிச் சோதனை பற்றியும் ஒரு திருத்தம். வெளியே காற்றில் வைத்த பிளக்கில் பொறி தெரிந்தால் மின்சாரம் நன்றாக இருக்கிறது என்று முடிவுகட்ட வேண்டாம். சிலிண்டருக்குள் அழுத்தப்பட்ட கலவையில் அதே இடைவெளியைத் தாண்ட இன்னும் அதிக வோல்ட் தேவை. சூட்டில் தளர்ந்த காயில் வெளியே அழகாகப் பொறி காட்டிவிட்டு உள்ளே ஏமாற்றும். நான் செய்வது இது: பழைய பிளக்கின் வளைந்த பக்க முனையை அறுத்துவிட்டு, நடு முனையிலிருந்து இரும்பு விளிம்புவரை ஏறக்குறைய 6 மி.மீ. இருக்குமாறு வைத்திருக்கிறேன். சூடான வண்டியில் அந்த இடைவெளியைப் பொறி "சட் சட்" என்று தாண்டினால் காயிலையும் கண்டென்சரையும் மறந்துவிடலாம்.

பிப்ரவரி 14

முதல் கேள்வி கேட்டவர் ஊருக்குப் போயிருக்கிறார், ஞாயிறுக்குப் பிறகே வண்டியைத் தொடுவாராம். அதற்குள் திருகுகளைப் பற்றி.

ஜப்பானிய வண்டி வைத்திருப்பவர்கள் பாயின்ட் மூடித் திருகும் கார்புரேட்டர் கிண்ணத் திருகும் வழுக்கி வழுக்கித் தலை உருண்டுவிடுகிறது என்று அலுத்துக்கொள்கிறார்கள். திருகின் மேல் பழி போடாதீர்கள். கூட்டல் குறி போல இருப்பதெல்லாம் ஒன்றல்ல. ஹென்றி பிலிப்ஸ் 1936-ல் காப்புரிமை பெற்ற பிலிப்ஸ் தலை வேறு, ஜப்பானியத் தரமான ஜே.ஐ.எஸ். தலை வேறு. பிலிப்ஸ் திருப்புளியின் முனை அந்தக் குழிக்குள் அடிவரை இறங்காது. முழு விசை கொடுக்கும்போது மேலே ஏறி வெளியே வந்துவிடும், வரும்போது குழியின் ஓரத்தைச் சுரண்டிக்கொண்டு வரும். பல ஜே.ஐ.எஸ். திருகுகளின் தலையில் ஒரு சின்னப் புள்ளி இருக்கும். அதற்குரிய திருப்புளியை ஒருமுறை வைத்துப் பாருங்கள். கையை எடுத்தாலும் ஆடாமல் நிற்கும். எனக்கு இது தெரியவே பல ஆண்டுகள் ஆயின. அதற்குள் எத்தனை திருகுத் தலைகளை உருட்டியிருப்பேன் என்று நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது.

பழைய பிரிட்டிஷ் வண்டி என்றால் ஸ்பேனரிலேயே தகராறு. விட்வொர்த் ஸ்பேனரில் பொறித்திருக்கும் அளவு போல்ட்டின் தடிமனைச் சொல்கிறது, தலையின் அகலத்தை அல்ல. மில்லிமீட்டர் ஸ்பேனரை ஏறக்குறையப் பொருத்தித் திருப்பினால் மூலைகள் மழுங்கிவிடும்.

பிப்ரவரி 15

துருவேறிய நட்டைத் தளர்த்தும் முன் ஒரு இம்மி இறுக்கிப் பாருங்கள். துருவின் பிடி "டக்" என்று உடைவது கைக்குத் தெரியும். அதன் பிறகு தளர்த்துங்கள்.

பிப்ரவரி 20

வழியில் பஞ்சர் ஆனால் என்ன செய்வது என்று கேட்டிருக்கிறார்கள். டியூப் உள்ள டயருக்குத்தான் எழுதுகிறேன்.

பழைய வண்டிக்காரர் கற்றுக்கொள்ள வேண்டிய முதல் வேலை இதுவே என்பேன். ஒட்டுப்போடுவது எளிது. டயரை ரிம்மிலிருந்து எடுத்துத் திரும்ப மாட்டும்போதுதான் பலர் டியூபில் இரண்டாவது ஓட்டை போடுகிறார்கள். நெம்பியை வலுவாக இழுப்பதே அதற்குக் காரணம். வலு தேவைப்படுகிறது என்றாலே எங்கோ தவறு. ரிம்மின் நடுவே ஒரு பள்ளம் ஓடுகிறது. நீங்கள் நெம்பும் இடத்துக்கு நேர் எதிரே டயரின் விளிம்பை அந்தப் பள்ளத்துக்குள் முழங்காலால் மிதித்து இறக்குங்கள். எதிரே எவ்வளவு இறங்குகிறதோ அவ்வளவு தளர்வு இந்தப் பக்கம் வரும். இரண்டு சிறிய நெம்பிகளே போதும். சோப்புத் தண்ணீர் கிடைத்தால் விளிம்பில் தடவுங்கள்.

டியூபை வெளியே எடுத்ததும் வால்வு இருந்த இடத்தை டயரில் சாக்பீஸால் குறித்துக்கொள்ளுங்கள். டியூபில் ஓட்டையைக் கண்டதும், அந்தக் குறியை வைத்து டயரில் ஆணி எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்துவிடலாம். டயரின் உள்பக்கத்தை வெறும் விரலால் தடவாதீர்கள், ஒரு துணியை ஓட்டுங்கள். கம்பி இருந்தால் துணி சிக்கும். இதைச் செய்யாமல் ஒட்டி மாட்டி, இரண்டு கிலோமீட்டரில் மறுபடி காற்று இறங்கி, அதே ஆணியை இரண்டாம் முறை சந்தித்திருக்கிறேன். மழை வேறு பெய்துகொண்டிருந்தது.

ஒட்டுப்போடும்போது டியூபை உப்புத்தாளால் பளபளப்பு போகத் தேய்த்து, சொல்யூஷன் தடவி, காத்திருங்கள். ஈரமாக இருக்கும்போது ஒட்டினால் ஒட்டாது. விரலின் பின்புறத்தால் தொட்டால் பிசுக்கு இருக்கும், ஆனால் விரலில் வராது. அந்த நிலை வரவேண்டும். ஐந்து நிமிடம் ஆகலாம். அந்த ஐந்து நிமிடம் பொறுக்காதவர்களுக்கே ஒட்டு பெயர்ந்து வருகிறது.

மாட்டும்போது டியூபுக்குச் சிறிது காற்று கொடுங்கள், அது உருண்டையாக நின்றால் நெம்பிக்குக் கீழே மாட்டாது. விளிம்பின் கடைசிப் பகுதி வால்வுக்கு அருகில் முடியட்டும். முடிந்ததும் வால்வை உள்ளே ஒருமுறை அழுத்திவிடுங்கள், டியூப் விளிம்பின் அடியில் சிக்கியிருந்தால் விடுபடும். வால்வு நட்டை ரிம்மோடு இறுக்கிவிடாதீர்கள். டியூப் டயருக்குள் நகரும்போது வால்வு சாய்ந்து நின்று முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும். நட்டை இறுக்கினால் சொல்லாமல் பிய்ந்துவிடும்.

பிப்ரவரி 23

வந்துவிட்டார். இந்த முறை நின்ற இடத்திலேயே பார்த்திருக்கிறார். 6 மி.மீ. இடைவெளியைப் பொறி தாண்டுகிறது. கிண்ணத்தில் பெட்ரோல் நிறைய இருந்தது, டேங்கிலிருந்து தொடர்ந்தும் வருகிறது. அவர் எழுதிய அடுத்த வரியைப் படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன்: "கிக்கர் வெண்ணெயில் இறங்குவதுபோல இறங்கியது. காலையில் அதே கிக்கர் என் எடையைத் தாங்கி நிற்கும்."

அழுத்தம் போகிறது. சூட்டில் போய், ஆறியதும் திரும்பி வருகிறது. பிஸ்டன் வளையம் தேய்ந்திருந்தால் காலையிலும் தளர்வாகவே இருக்கும். டேப்பட் இடைவெளியைப் பாருங்கள்; வால்வின் தண்டுக்கும் அதை அழுத்தித் திறக்கும் திருகுக்கும் நடுவே விடவேண்டிய சின்ன இடைவெளி அது. வெளியேற்று வால்வை முதலில்.

பிப்ரவரி 24

எப்படிப் பார்ப்பது என்று விரிவாகக் கேட்டிருக்கிறார்.

வண்டி ராத்திரி முழுவதும் ஆறியிருக்க வேண்டும். பிளக்கைக் கழற்றுங்கள், இன்ஜின் இலேசாகச் சுற்றும். டேப்பட் மூடிகளைக் கழற்றிவிட்டு இன்ஜினைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். உள்ளிழு வால்வு இறங்கி மீண்டும் மேலே வந்த பிறகு, பிஸ்டன் உச்சிக்கு வரும்போது இன்ஜினில் உச்சியைக் காட்டும் குறி நேராக நிற்குமாறு நிறுத்துங்கள். பிஸ்டன் உச்சிக்கு இருமுறை வரும். இரு வால்வுகளும் மூடியிருக்கும் முறையே வேண்டியது. இரண்டு டேப்பட்டையும் விரலால் ஆட்டினால் சின்ன ஆட்டம் தெரிய வேண்டும். ஒன்று ஆடுகிறது, மற்றொன்று இறுகியிருக்கிறது என்றால், ஒரு சுற்று முழுதாகச் சுற்றி மறுபடி பாருங்கள். அப்போதும் அந்த ஒன்று இறுகியே இருந்தால் அதுதான் குற்றவாளி.

ஃபீலர் கேஜ் நுழைய வேண்டும், ஆனால் வழுக்கிக்கொண்டு போகக் கூடாது. பழைய புத்தகத்தின் இரண்டு தாள்களுக்கிடையே இருந்து ஒரு தாளை உருவுவதுபோல ஒரு மெல்லிய பிடி. திருகைப் பிடித்துக்கொண்டு பூட்டு நட்டை இறுக்கும்போது திருகும் சேர்ந்து சுற்றும். அதனால் இறுக்கிய பிறகு மறுபடி அளக்காமல் மூடியைப் போடாதீர்கள்.

டேப்பட்டைக் கடைசியில் பார்த்தால் போதும், அது சீக்கிரம் மாறாது என்று பலரிடம் நான் சொல்லி வந்திருக்கிறேன். அதை மாற்றிக்கொள்கிறேன். வாங்கியதும் முதலில் அளக்க வேண்டியதே அதுதான். காசு கேட்காத வேலை, அரை மணி நேரம். இடைவெளி கூடினால் டேப்பட் "டிக் டிக்" என்று சத்தம் போட்டு நம்மை அழைக்கும். இடைவெளி குறைந்தால் சத்தம் குறையும், வண்டி அமைதியாகிவிட்டது என்று மகிழ்ந்துவிடுவோம். அந்த அமைதியில்தான் வால்வு கருகுகிறது. வெளியேற்று வால்வு தன் சூட்டில் பெரும்பகுதியைச் சீட்டில் (மூடும்போது அது போய்ப் படியும் வளையம்) உட்கார்ந்திருக்கும் நேரத்தில்தான் இறக்கிவைக்கிறது. இடைவெளியே இல்லாமல், சூட்டில் தண்டு நீண்டு, வால்வு முழுதாக உட்கார முடியாமல் போனால் சூடு இறங்க வழியில்லை, அழுத்தமும் அந்தக் கீற்று வழியே கசிந்துவிடும்.

மார்ச் 1

வெளியேற்று வால்வில் 0.05 மி.மீ. தகடுகூட நுழையவில்லை. கையேடு சொல்வது 0.10. உள்ளிழு வால்வு சரியாக இருந்தது. அளவை வைத்துவிட்டு நேற்று நடுப்பகலில் கிளம்பி, அறுபது கிலோமீட்டர் நிற்காமல் ஓட்டியிருக்கிறார்! ஐந்து மாதம் அவர் பட்ட பாடு ஒரு தகட்டின் கனத்துக்குள் இருந்திருக்கிறது. எனக்கே இரவு நல்ல தூக்கம் வந்தது.

ஆனால் இதோடு விடாதீர்கள். திருகு தானாக இறுகாது. இடைவெளி குறைந்திருக்கிறது என்றால் வால்வு மேலே ஏறியிருக்கிறது. சீட் உள்வாங்கியிருக்கலாம், வால்வு முகம் தேய்ந்திருக்கலாம். 300 கிலோமீட்டர் கழித்து மறுபடி அளந்து எழுதுங்கள்.

மார்ச் 2

செயின் இணைப்புக் கிளிப்பின் திறந்த வாய் எந்தப் பக்கம்? செயின் ஓடும் திசைக்குப் பின்பக்கம். மூடிய முனை முன்னே போக வேண்டும். மாற்றி மாட்டினால் ஏதாவது உரசும்போது கிளிப் கழன்றுவிடும். ஒரு உதிரி இணைப்பு எப்போதும் வண்டியில் இருக்கட்டும்.

மார்ச் 5

செயின் தளர்வை ஒரே இடத்தில் பார்த்துவிட்டு இறுக்கியதாக ஒருவர் எழுதியிருக்கிறார். பழைய செயின் சீராகத் தேயாது. சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே பாருங்கள், ஓரிடத்தில் இறுக்கமாகவும் இன்னோரிடத்தில் தொய்வாகவும் இருக்கும். மிக இறுக்கமான இடத்தில் அளவை வைக்க வேண்டும். தேய்மானம் அறிய: 428 அளவு செயினில் ஒரு கண்ணி 12.7 மி.மீ.; இருபது கண்ணி புதிதில் 254 மி.மீ. அதுவே 259-ஐத் தொட்டுவிட்டால் செயினின் காலம் முடிந்தது. பல் கொக்கிபோல வளைந்திருந்தால் ஸ்ப்ராக்கெட்டையும் சேர்த்து மாற்றுங்கள், பழைய பல் புதிய செயினைத் தின்றுவிடும்.

கிளட்ச் கேபிள் பெரும்பாலும் கைப்பிடி முனையில், குமிழுக்கு அருகே இழை இழையாக அறும். லீவரை விடுவித்து அந்த ஒரு அங்குலத்தை மாதம் ஒருமுறை பாருங்கள். ஒரு இழை அறுந்திருந்தாலும் மாற்றிவிடுங்கள். நீண்ட பயணத்துக்கு முன், புதிய கேபிளைப் பழையதன் பக்கத்திலேயே ஓடவிட்டு இரு முனைகளையும் மூடிக் கட்டிவைப்பேன். அறுந்தால் வழியில் டேங்கைக் கழற்ற வேண்டியதில்லை, முனைகளை மாற்றினால் போதும்.

மார்ச் 16

300 கிலோமீட்டர் அளவு வந்திருக்கிறது: 0.04. பதினைந்து நாளில் பாதிக்கு மேல் போய்விட்டது. மறுபடி 0.10 வைத்து ஓட்டலாமா என்று கேட்கிறார். வேண்டாம். சிலிண்டர் தலையைக் கழற்றும் நேரம் வந்துவிட்டது.

ஈயமில்லாப் பெட்ரோல்தான் காரணமா என்றும் கேட்டிருக்கிறார். 1921-ல் தாமஸ் மிட்ஜ்லி, டெட்ராஎத்தில் ஈயம் சேர்த்தால் இன்ஜின் தட்டுவது அடங்குகிறது என்று கண்டார். அந்த ஈயம் எரிந்து வால்வுக்கும் சீட்டுக்கும் இடையே மெல்லிய படலமாகப் படிந்து, மென்மையான இரும்புச் சீட்டுகளைக் காத்தும் வந்தது. மனிதருக்கு, குறிப்பாகக் குழந்தைகளின் மூளைக்கு, அது நஞ்சு. ஒவ்வொரு நாடாக நிறுத்தி, கடைசியாக அல்ஜீரியா 2021-ல் நிறுத்தியதோடு சாலை வாகனங்களுக்கான ஈயப் பெட்ரோல் உலகிலேயே முடிந்தது. அது போனதற்காக எந்தப் பழைய வண்டிக்காரரும் வருந்தக் கூடாது. கடினமான சீட் போட்டால் தீர்ந்துவிடும் சிக்கல் இது. உங்கள் வண்டியில் காரணம் அதுவா என்பது தலையைத் திறந்தால்தான் தெரியும்.

மார்ச் 18

இதை முன்பே எழுதியிருக்க வேண்டும். பழைய டிரம் பிரேக்கைத் திறக்கும்போது உள்ளே இருக்கும் தூசியை வாயால் ஊதாதீர்கள், காற்றுக் குழாயாலும் அடிக்காதீர்கள். பழைய பிரேக் ஷூக்களில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கும். தண்ணீர் தெளித்து, ஈரத்துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டிப் போடுங்கள். எங்கள் காலத்தில் எல்லோரும் ஊதினோம். அதைச் செய்த கைகளையும் நுரையீரல்களையும் நினைக்கிறேன்.

ஏப்ரல் 6

தலை கழன்றது. வெளியேற்று வால்வின் விளிம்பில் ஒரு பக்கம் நகக்கீற்று அளவுக்குக் கருகிய தடம், சீட்டில் குழிகள். சீட் நன்றாகவே உள்வாங்கியிருக்கிறது. தலையைத் தலைகீழாக வைத்து, பிளக்கை மாட்டி, வால்வுகள் மூடிய நிலையில் அறைக்குள் மண்ணெண்ணெய் ஊற்றச் சொன்னேன். உள்ளிழு பக்கம் ஒரு சொட்டு இல்லை. வெளியேற்று வழியில் அரை நிமிடத்தில் ஈரம் தெரிந்தது.

வால்வைத் தேய்த்து மட்டும் மாட்டினால் இன்னொரு 300 கிலோமீட்டருக்குத்தான் வரும். சீட்டைக் கடைசல் பட்டறையில் மாற்ற வேண்டும். இது வீட்டு வேலையல்ல. கடினமான சீட், புதிய வால்வு. வால்வின் தண்டு ஓடும் குழலான கைடின் ஆட்டத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். கைடு தளர்ந்திருந்தால் புதிய வால்வும் கோணலாகத்தான் உட்காரும்.

ஏப்ரல் 19

பூட்டிவிட்டார். தலை போல்ட்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாக, மூன்று தவணையில், கையேட்டு அளவுக்கு இறுக்கியிருக்கிறார். டேப்பட் மூடியின் 6 மி.மீ. போல்ட்டில் மட்டும் கை மீறி, அலுமினிய மரை பிய்ந்துவிட்டதாம். அந்த அளவு போல்ட்டுக்கு 10 நியூட்டன் மீட்டர் போதும்; நீண்ட ஸ்பேனரின் நுனியைப் பிடித்தால் இரண்டு விரலிலேயே அதைத் தாண்டிவிடும். துளையைப் பெரிதாக்கிச் சுருள் மரை போட்டுவிடலாம், மூல மரையைவிட உறுதியாகவே இருக்கும்.

முதல் நூறு கிலோமீட்டர் விரட்டாமல் ஓட்டுங்கள். ஆறியபின் அளவு, பிறகு 300-ல், பிறகு 800-ல்.

ஏப்ரல் 30

300-ல் 0.09. புதிய சீட்டும் வால்வும் படிந்துகொள்ளும்போது இவ்வளவு போவது இயல்பு. தொடவேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.

மே 21

800 கிலோமீட்டர்: 0.09. நடுப்பகலில், மேட்டில், பின்னால் ஒருவரை ஏற்றிக்கொண்டு ஓட்டியபோதும் நிற்கவில்லை. இறங்கி, சூடாக இருக்கும்போதே கிக்கரை மிதித்துப் பார்த்தாராம். காலையில் தாங்கியதுபோலவே தாங்கியது. அடுத்த அளவு 3,000-ல்.